சுட்ட மண்ணும் சுடாத தீட்டும்

1

1996-ஆம் வருஷத்துக் கோடை. எனக்கு எட்டு வயசு. மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு ஏரியைப் பார்த்துப் போகிற பாதையில் எங்கள் ஊர். ஊர் என்று எழுதிப் பழகிவிட்டது. உள்ளபடி எங்களுடையது ஊரைத் தாண்டி இருக்கிற காலனி. அம்மாவுக்குக் கோடை முழுக்க உப்பள வேலை. மற்ற மாதங்களில் ஏரித்தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து கையால் இறால் தடவுவாள். ஏரியில் வலை கட்டுவதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. பாட்டில் பங்குள்ள மீனவ ஊர்க்காரர்கள்தான் முறைவைத்து வலை கட்டலாம். எங்களுக்குப் பாடு கிடையாது. கைதான் வலை. உப்பும் இறாலும் இல்லாத நாட்களில் ஊருக்குள் ஒரு பண்ணை வீட்டுக்கு நெல் காயவைக்கப் போவாள். அன்றைக்கு நானும் கூடப் போனேன்.

திண்ணை ஓரத்தில் ஈர மணலில் பதித்து ஒரு பானை. மூடிமேல் பித்தளைச் சொம்பு. வெயில் தாங்கவில்லை. சொம்பை எடுத்தேன், மொண்டேன், குடித்தேன். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது.

வீட்டம்மா என்னை அடிக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டு உடைத்தாள். சொம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டாள். சாயந்திரம் கூலியில் பானைக் காசு பிடித்தம். அம்மாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டாள்.

"சொம்ப வெளக்கி எடுத்துக்கினீங்களே, பானைய மட்டும் ஏம்மா ஒடச்சீங்க?"

"மண்ணு ஊறிக்கும்டி. பித்தள ஊறாது."

திரும்பி வரும் வழியில் அம்மா என்னை ஒரு அறை அறைந்தாள். அப்புறம் கடைத்தெருவில் ஐஸ் வாங்கித் தந்தாள். உடைந்த பானையிலிருந்து வட்டமாக ஒரு ஓட்டை நான் பொறுக்கி வந்திருந்தேன். பாண்டி ஆடச் சில்லு வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. மண் ஊறிக்கொள்ளும் என்று அந்த அம்மாள் சொன்னது உண்மையா? உண்மையென்றால் எவ்வளவு உண்மை? ஊறாத மண் ஒன்று வந்தபோது தீட்டு என்ன ஆயிற்று?

2

எம்.ஏ. தமிழ் படித்தேன். புறநானூற்றில் தாழி வனைகிறவனைக் 'கோ' என்று விளிக்கிற பாடல்களை எங்கள் பேராசிரியர் உருகி உருகி நடத்துவார். மண்ணைப் பிசைந்தவனை அரசன் என்று அழைத்த மொழி என்று பெருமைப்பட்டோம். அந்த மண்ணில் சோறு போட்டு யார் யாருக்கு எப்படித் தந்தார்கள் என்கிற பாடம் பாடத்திட்டத்தில் இல்லை. அதைத் தேடுவதற்கு நூலகம் போதாது, மண்ணிலேயே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 2019-இல் மூன்று மாதம் புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தேன்.

ஏன் புதுச்சேரி? 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அதிக வெப்பத்தில் சுட்டுப் பூச்சேற்றுகிற ஸ்டோன்வேர் வேலை அங்கே வேர்பிடித்தது. அங்கே பயின்றவர்கள் பலர் தனிப்பட்டறை வைத்தார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் இது ஒரு தொழில். நான் சேர்ந்தது பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கொட்டகை.

பல குயவர் வீடுகளில் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்று வழக்கம். இந்தக் கொட்டகையில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் எனக்குச் சக்கரம் வசப்படவில்லை. மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரலால் தேய்த்து இணைக்கிற கைவேலையைப் பிடித்துக்கொண்டேன். சக்கரத்துக்கும் முந்தைய முறை இது.

காய்ந்த மண்ணை முதலில் ஏறத்தாழ 900, 1000 டிகிரியில் சுடுகிறார்கள். 600 டிகிரிக்குள்ளாகவே மண்ணின் உடம்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு அது மண் இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி சேறாகாது. ஆனால் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. நம் ஊர்ச் சூளையில் வைக்கோலும் வறட்டியும் போட்டுச் சுடுகிற பானை இந்த வெப்பத்துக்கும் கீழேதான் நிற்கிறது. அந்தத் துளைகளின் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்ச்சி. அந்தப் பண்ணை வீட்டுத் தண்ணீரின் சுகமே அந்தத் துளைகள் தந்ததுதான்.

சோதித்துப் பார்த்தேன். சந்தையில் வாங்கிய ஒரு மண்சட்டி, காய்ந்த நிலையில் 430 கிராம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து, மேலே துடைத்து நிறுத்தால் 486. தன் எடையில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு தண்ணீரைக் குடித்திருந்தது. ஆக, "மண்ணு ஊறிக்கும்" என்று அந்த அம்மாள் சொன்னதில் பொய் இல்லை. என்னுடைய வாயில் இருந்ததை அது குடித்ததா என்பது வேறு கேள்வி. நான் சொம்பில் அண்ணாந்து குடித்தவள். பானையில் பட்டது அவர்கள் வீட்டுச் சொம்பு மட்டும்.

இந்தத் துளைகளை அடைப்பதுதான் பூச்சு. பட்டறையில் கிளேஸ் என்பார்கள். மணற்சத்து, அதை உருக்குவதற்கு ஃபெல்ஸ்பாரும் சுண்ணாம்பும் சாம்பலும், உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் களிமண். இவற்றைத் தண்ணீரில் கரைத்து, முதல் சுடல் முடிந்த சட்டியை அதில் முக்கி எடுப்பார்கள். சட்டியின் துளைகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தூள் மேலே படிந்துவிடும். 1250 டிகிரியைத் தாண்டி மறுபடி சுடும்போது அந்தத் தூள் உருகிக் கண்ணாடியாகும். யோசித்துப் பாருங்கள், மண் உறிஞ்சாவிட்டால் பூச்சே பிடிக்காது. ஊறுகிற குணம்தான் ஊறாத தோலைக் கட்டிக்கொள்கிறது.

பூச்சுக்குக் கொடுக்க நான் முதல் சட்டியைக் கையில் எடுத்தபோது மாஸ்டர் அண்ணன் கத்தினார்: "ஏம்மா, அத்தத் தொடாத!"

உடம்பு தூக்கிப்போட்டது. எட்டு வயசுக்கே போய்விட்டேன். முகம் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும். விளக்கினார். விரலில் உள்ள எண்ணெய்ப்பசை சட்டியில் பட்டால் அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது, சூளையில் சுருண்டு விலகி மொட்டையாக நிற்கும். "யார் கையா இருந்தாலும் அப்படித்தாம்மா. என் கையும்தான்" என்று சொல்லித் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அடிப்பக்கம் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். தொடாதே என்கிற சொல் ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

சூளைக்கு விறகு சவுக்கு. எங்கள் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து மணலிலும் வளர்கிற அதே சவுக்கு. விடிய விடிய நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விறகு தள்ள வேண்டும். உள்ளே வெப்பம் எவ்வளவு என்று பார்க்கக் கோன் என்று விரல் நீளக் கூம்புகளை வைப்பார்கள். உரிய வெப்பம் வந்தால் அது தலை சாய்க்கும். துவாரத்தின் வழியே கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்போம். தீயோடு பறக்கிற சாம்பல் சட்டிகளின் தோளில் விழுந்து தானாகவே உருகிப் பளபளக்கும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே சீனத்துச் சூளைக்காரர்கள் சாம்பலின் இந்த வித்தையைப் பிடித்துவிட்டார்கள்.

சூளை ஆறி, மூன்றாம் நாள் திறந்தார்கள். என் முதல் சட்டியின் அடியில் பூச்சைத் துடைக்க மறந்திருந்தேன். பலகையோடு ஒட்டிக்கொண்டது. உளியால் தட்டியதில் சட்டியும் போயிற்று, பலகையிலும் பள்ளம். இரண்டாவது தேறியது. 312 கிராம் கோப்பை, ஒரு நாள் ஊறிய பிறகு 315. நூற்றுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாளின் வாக்கியத்துக்குப் பதில் என் கையில் இருந்தது. இது ஊறாது.

அவ்வளவுதானா? இந்தக் கோப்பை 1996-இல் அந்தத் திண்ணையில் இருந்திருந்தால் கழுவி உள்ளே எடுத்துப் போயிருப்பாளா? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் கொட்டகையை விட்டு வரலாற்றுக்குள் போக வேண்டும்.

3

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திரங்களைச் சுத்தம் செய்கிற சட்டங்கள் வருகின்றன. செம்பு, பித்தளை போன்ற உலோகத்துக்குச் சாம்பல், புளிப்பு, தண்ணீர். மண் பாத்திரத்துக்கு மறுபடி சூளை. மலம், மூத்திரம், எச்சில், ரத்தம் பட்ட மண் பாத்திரத்துக்கு மறுசூளையும் கிடையாது. பண்ணை வீட்டம்மா சம்ஸ்கிருதம் படித்தவள் அல்ல. ஆனால் புளியும் சாம்பலும் சொம்புக்கு, தெருக்கல் பானைக்கு என்று வரி பிசகாமல் செய்தாள். சட்டம் புத்தகத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை, அடுப்பங்கரையில் இருந்தால் போதும்.

அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கான விதிகள். ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். பிணத்தின் துணி உடுத்த வேண்டும். உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும். இந்த உடைந்த பாத்திரத்தைக் கவனியுங்கள். ஐந்தாம் அத்தியாயம் மண் துளையுள்ளது என்கிற பொருளறிவைப் பேசுவதுபோல் இருக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் அந்த அறிவு எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்துவிடுகிறது. உடைந்த பாத்திரம் கூடுதலாக ஊறுவதில்லை. அவமானத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் பேஷ்வாக்களின் புனாவைப் பற்றி எழுதுகிறார். தீண்டப்படாதவர் தம் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் ஒரு மண்கலயத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அவரே தலைமையேற்று 1927 மார்ச்சில் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்த பிறகு, ஆதிக்க சாதியினர் பால், தயிர், சாணம், கோமியம் நிறைந்த 108 மண்குடங்களைக் குளத்தில் முக்கி மந்திரம் சொல்லித் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஒரு பக்கம் ஊறுகிற மண்கலயம் எச்சிலைச் சுமக்கிறது. இன்னொரு பக்கம் அதே ஊறுகிற மண்குடம் புனிதத்தைச் சுமக்கிறது. மண் ஒன்றுதான். யார் கழுத்தில், யார் கையில் என்பதுதான் மாறியிருக்கிறது.

கீழடியைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். 2014-15 முதல் நடந்த அகழாய்வுகளில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் ஆதன் என்கிற பெயர்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை அந்த வாழ்விடத்தின் காலத்தை கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை கொண்டுபோகிறது. சாதாரண ஆட்கள் தங்கள் கலத்தில் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம்தான். எனக்கும் பெருமைதான். கூடவே எங்கள் ஆயா சொன்ன ஒரு ஏனமும் நினைவுக்கு வருகிறது. அவள் வேலைக்குப் போன வீட்டில் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் அவளுக்கென்று ஒரு விளிம்பு பெயர்ந்த சட்டி சொருகியிருக்கும். கூழ் ஊற்றும்போது அவளே எடுத்து, கீழே வைத்து, எட்டி நிற்க வேண்டும். குடித்து, அவளே கழுவி, அவளே சொருக வேண்டும். அந்தச் சட்டியில் யாரும் பெயர் கீறவில்லை. இருந்தாலும் அது யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

அந்தச் சட்டியைச் செய்த குயவரையும் மறந்துவிடக்கூடாது. எங்கள் காலனிக்குப் பானை விற்க வருபவர் பானையைத் தரையில் வைத்துவிட்டு நகர்வாராம். ஆயா நெல்லைத் தரையில் கொட்டிவிட்டுப் பானையை எடுப்பாளாம். "அவரு வவுறும் காஞ்ச வவுறுதான், இருந்தாலும் கையில குடுக்கமாட்டாரு" என்பாள். சுடாத மண்ணை நாள் முழுக்க மிதிக்கிறவரையும் சாதி சும்மா விடவில்லை, ஒரு படி மேலே நிறுத்திக் காவலுக்கு வைத்தது.

4

சின்ன வயசில் ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. மணலில் கிடைக்கிற ஓட்டைப் பொறுக்கி நாக்கில் வைத்துப் பார்ப்போம். நாக்கில் ஒட்டினால் நம்ம ஊர் ஓடு. ஒட்டாமல் வழுக்கினால் 'கப்பல் ஓடு'. வெள்ளையாக, நீலக்கோடு போட்ட சில்லுகள் அபூர்வமாகக் கிடைக்கும். அதற்கு மவுசு அதிகம், மூன்று சாதா ஓட்டுக்கு ஒன்று. பட்டறையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, துளையுள்ளதா இல்லையா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது சூளைக்காரர்களின் உண்மையான சோதனை. துளை எச்சிலை உறிஞ்சுவதால் ஒட்டுகிறது. பூச்சேறியதில் உறிஞ்ச இடமில்லை.

கப்பல் ஓடு என்று பெயர் வைத்த குழந்தைகள் தவறாகச் சொல்லவில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரைக்கு அவர்களுடைய தலைமையிடம் இதுதான். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். அந்தக் கம்பெனி ஆசியக் கடல் முழுக்கச் சீனப் பீங்கானைக் கொண்டுபோய் விற்ற கம்பெனி. நீலமும் வெள்ளையுமான அந்தத் தட்டுகள் ஐரோப்பியப் பணக்காரர் மேசைக்குப் போயின. அதைப் பார்த்து ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் போலிகூடச் செய்தார்கள்.

இன்னொரு சரக்கும் இருந்தது. மனிதர்கள். 1622-23, 1645-46, 1659-61 என்று பஞ்சமும் போரும் வந்த வருஷங்களிலெல்லாம் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான பேரை வாங்கி பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றினார்கள். பசியில் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள் அதில் உண்டு. வரலாற்றுப் புத்தகங்கள் அவர்களை 'அடிமைகள்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கின்றன. நிலமில்லாமல் பஞ்சத்தில் முதலில் விழுகிறவர் யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகளை இன்றும் பாதுகாக்கிறார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், பெயரும் தேதியும் பொறித்த கற்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை. ஊறாத பீங்கானை உடையாமல் வைக்கோலில் பொதிந்து அனுப்பத் தெரிந்தவர்கள், மனிதர்களை அடைத்து அனுப்பினார்கள்.

ஆக, பூச்சு எங்கள் கரைக்கு விடுதலையாக வரவில்லை, வியாபாரமாக வந்தது. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடப் பாடமாகவும் வந்தது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மட்பாண்டமும் கற்பித்தார்கள். எழும்பூரில் இன்று இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அது. வேலூர்ப் பக்கம் கரிகிரியில் பூச்சுப் பாண்டம் செய்கிற குடும்பங்கள் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் விருத்தாசலம் பீங்கான் ஊர் ஆயிற்று. அங்கே பீங்கான் தொழிலைக் கற்றுத்தர அரசு நிறுவனமும் உண்டு. பொம்மை, கோப்பை, மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் என்று சாதாரண வீடுவரை பூச்சு வந்து சேர்ந்தது. சேரிக்கு அது எந்த வழியாக வந்தது என்பதை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, என் மாமா.

5

புதுச்சேரியிலிருந்து நான் கொண்டுவந்த கோப்பையை வீட்டில் எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். மாமா வடசென்னையில் காண்ட்ராக்டரிடம் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை பார்த்தவர். உயிரோடு இருக்கிறார், மூச்சுதான் பாதியாகிவிட்டது. கோப்பையின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார். யோசித்தார்.

"இன்னாடி, சாக்கட பைப்பு மாரி கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் உழைத்துச் செய்த கோப்பை. அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தாண்டி. பழைய கல்லு பைப்பு உள்ள கைய வுட்டா இப்டித்தான் வழுக்கும். பழுப்பா, ஆரஞ்சு தோலாட்டம் புள்ளி புள்ளியா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது அச்சு அசலாக உப்புப் பூச்சின் இலக்கணம். சூளை 1200 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே சாதா உப்பை அள்ளிப் போடுவார்கள். உப்பு ஆவியாகி, அதன் சோடியம் மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடிக் கண்ணாடித் தோலாகப் படியும். புகையோடு அமிலம் வெளியேறும், மூக்கும் கண்ணும் எரியும். ஜெர்மனிக்காரர்கள் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு ஜாடிகளுக்குச் செய்த வித்தை இது. 19-ஆம் நூற்றாண்டில் நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது குழாய்களுக்குப் பயன்பட்டது. நம் நாட்டிலும் உப்புப் பூச்சு ஸ்டோன்வேர் குழாய்க்கு இந்தியத் தரநிலை எண் உண்டு, 651. அமிலம் அரிக்காது, மலம் ஒட்டாது, தண்ணீர் கசியாது என்பதற்காக நகரத்தின் அடியில் அதைப் புதைத்தார்கள்.

அம்மா உப்பளத்தில் வாருகிற உப்பு. மாமா கைவிட்டுத் தடவுகிற குழாய். இரண்டுக்கும் நடுவில் சூளை. பூச்சின் வரலாறு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான்தான் புதுச்சேரிக்குப் போய்த் தேடியிருக்கிறேன்.

மலம் ஒட்டாத குழாயைச் செய்யத் தெரிந்த அறிவியல், அது அடைத்துக்கொண்டால் இறங்குவதற்கு மட்டும் ஒரு சாதியின் உடம்பை வைத்துக்கொண்டது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது. இறங்குகிறவர் மாறவில்லை. குழாயின் உள்தோல் ஊறாது. மாமாவின் நுரையீரல் ஊறும்.

6

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஊறாத பாத்திரம் வந்தபோது தீட்டு என்ன ஆயிற்று?

விடையைத் தேநீர்க்கடைகள் எழுதிவைத்திருக்கின்றன. முதலில் எங்களுக்குக் கொட்டாங்கச்சி. அப்புறம் அலுமினியக் குவளை. அப்புறம் கண்ணாடி டம்ளர், அடியில் பெயின்ட் பொட்டு வைத்துத் தனியாக. கண்ணாடி ஒரு சொட்டும் ஊறாது, பூச்சு முழுக்க உடம்பானதுதான் கண்ணாடி. மனுவின் பொருளறிவுப்படியே பார்த்தாலும் கழுவினால் சுத்தம். ஆனாலும் இரட்டைக் குவளை இருந்தது. மண்ணிலிருந்து உலோகத்துக்கும் உலோகத்திலிருந்து கண்ணாடிக்கும் தீட்டு வீடு மாறிக்கொண்டே வந்தது. கேள்வி கேட்டு, போராடி, வழக்குப் போட்டு நெருக்கியபோது சில கடைகளில் எல்லாருக்கும் காகிதக் கப் வந்தது. குடித்துக் கசக்கி எறிந்துவிடலாம். யார் குடித்ததையும் யாரும் கழுவ வேண்டாம். சமத்துவம் மாதிரியே இருக்கிறது. கழுவ மறுப்பதற்கு ஒரு வசதியான வழியாகவும் இருக்கிறது.

2004-இல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத் யாதவ் ரயில் நிலையங்களில் மண்கோப்பையில் தேநீர் தரச் சொன்னார். குயவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றார், நல்ல காரணம்தான். ஆனால் வடக்கில் அந்தக் கோப்பையை ஒரு தடவை குடித்து உடைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சூழலியல் நண்பர்கள் கேட்பதில்லை. முன்னால் குடித்தவர் யாரோ, என்ன சாதியோ என்கிற பயமும் அந்த உடைசலில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தீட்டுக்கு மண்ணின் துளை ஒரு சாக்கு. சாக்கை அடைத்துப் பார்த்தாகிவிட்டது, 1250 டிகிரியில் சுட்டு அடைத்தாகிவிட்டது. தீட்டு அப்படியே இருக்கிறது. அது பாத்திரத்தில் இருந்திருந்தால் சூளையில் எரிந்திருக்கும். அது கூலிப் பிடித்தத்தில் இருக்கிறது, ஏரியின் பாட்டில் இருக்கிறது, சாக்கடைக் காண்ட்ராக்டில் இருக்கிறது. விஞ்ஞானம் வளர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிற தோழர்களுக்கு என் 312 கிராம் கோப்பையைக் காட்ட விரும்புகிறேன்.

அப்படியென்றால் இந்த வேலையை எதற்குக் கற்க வேண்டும்? எனக்குள்ளும் இந்தக் கேள்வி இருந்தது. பட்டறையின் கடைசி வாரம், எங்கள் ஏரிக்கரைச் சேற்றை ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு கிண்ணம் செய்து பெரிய சூளையில் வைத்தேன். இரும்புச்சத்தும் உப்பும் அதிகமான மண், அந்த வெப்பம் தாங்காமல் உருகி உட்கார்ந்துவிட்டது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மாஸ்டர் அண்ணன் உருகிய கட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க மண்ணு சட்டி ஆவாதும்மா. கிளேஸ் ஆவும்." அதே சேற்றைச் சலித்து, சவுக்குச் சாம்பல் கலந்து, வேறு மண்ணில் செய்த கோப்பைக்குப் பூசினோம். கருத்த பழுப்பில், விளிம்பில் மட்டும் செம்பு நிறம் ஒதுங்கி வந்தது. எங்கள் காலனிச் சேறு கண்ணாடியாகியிருந்தது. அந்தச் சேற்றில்தான் அம்மா இறால் தடவினாள். ஒரு பொருளை என்ன ஆக்கலாம் என்று தீர்மானிக்கிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும், அதற்காகத்தான் கற்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. இப்போது காலனியில் ஆறு பெண்பிள்ளைகள் என்னோடு மண் பிசைகிறார்கள். பெரிய சூளைக்குக் காசில்லை. குழி வெட்டி வறட்டியிலும் சவுக்கு மிலாறிலும் சுடுகிறோம். துளையுள்ள பானைதான் வருகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம்.

வாசிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஆயா, பாட்டன் இருந்தால் அவர்களுக்கென்று எரவாணத்தில் சொருகியிருந்த ஏனம் எது, மண்ணா, கொட்டாங்கச்சியா, தகரமா என்று கேட்டு எழுதுங்கள். அரண்மனைப் பீங்கானுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஏனங்களுக்கு நம் நினைவைத் தவிர வேறு அலமாரி இல்லை.

சேற்றுப் பூச்சுக் கோப்பையை அம்மாவுக்குக் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். "கனமா கீது. எரவாணத்துல சொருவ முடியாது" என்றாள். தினமும் அதில்தான் டீ குடித்தாள். போன மாதம் கழுவும்போது விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. பரவாயில்லை என்று அதிலேயே டீ ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒடஞ்ச ஏனத்துல எங்கம்மா குடிச்சது போதும். வேற செஞ்சி குடு."